நாணயச் சந்தையில் ஜெயித்தோமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

கைப்பேசித் திரையைப் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்புவது டிரேடிங் செய்பவர்களிடையே வழக்கமாகிவிட்டது. பச்சை எழுத்தில் ‘+214 டாலர்’ என்று இருக்கும். பார்ப்பவருக்கு ஆசை வரும். அனுப்பியவருக்குத் தன் மேல் நம்பிக்கை வரும். ஆனால் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு அவர் நல்ல டிரேடரா என்று சொல்லவே முடியாது. எவ்வளவு முதல் போட்டு இந்த 214 வந்தது? போன வாரம் எவ்வளவு போனது? முடிக்காமல் நஷ்டத்தில் நிற்கும் டிரேடுகள் எத்தனை? இந்தப் பணம் வங்கிக் கணக்குக்கு வந்து சேருமா? படத்தில் இதற்கெல்லாம் பதில் இல்லை.

ஒரு மளிகைக் கடைக்காரர் இரவு கடை சாத்தும்போது கல்லாவைத் திறந்து காட்டி, ‘இன்றைக்கு இவ்வளவு லாபம்’ என்றால் நாம் ஏற்றுக்கொள்வோமா? கொள்முதல், வாடகை, ஆள் கூலி, கடனுக்குக் கொடுத்த சரக்கு எல்லாம் கழித்துப் பாருங்கள் என்போம். நாணய வர்த்தகத்துக்கும் அதே கணக்குதான். அதைப் போடும் பழக்கம் பலரிடம் இல்லை. எப்படிப் போடுவது என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பணம் கைக்கு வருமா?

எல்லா அளவுகோலுக்கும் முன்னால் நிற்கும் கேள்வி இது. சட்டப்படி இந்தியாவில் வசிப்பவர், ரிசர்வ் வங்கியின் அங்கீகாரம் பெற்ற நிறுவனங்கள் வழியாகவோ, என்.எஸ்.இ., பி.எஸ்.இ. போன்ற அங்கீகரிக்கப்பட்ட சந்தைகளிலோதான் அந்நியச் செலாவணி வர்த்தகம் செய்யலாம். வெளிநாட்டு இணையதளத்துக்கு மார்ஜின் எனும் ஈட்டுப் பணம் அனுப்பி நாணய டிரேடிங் செய்வதற்கு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம் (ஃபெமா) இடம் தருவதில்லை. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப உதவும் எல்.ஆர்.எஸ். திட்டத்தையும் இதற்குப் பயன்படுத்தக் கூடாது. அனுமதி இல்லாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலிருந்து வெளியிட்டு வருகிறது. பட்டியலில் பெயர் இல்லை என்பதாலேயே ஒரு தளம் அனுமதி பெற்றதாகிவிடாது.

உள்நாட்டுச் சந்தையிலும் ஒரு நிபந்தனை உண்டு. ரூபாய் சம்பந்தப்பட்ட நாணய ஒப்பந்தங்களில் இறங்குபவருக்கு, ஏற்றுமதி, இறக்குமதி, வெளிநாட்டுக் கடன் போன்ற உண்மையான அந்நியச் செலாவணித் தேவை இருக்க வேண்டும் என்பதை ரிசர்வ் வங்கி 2024 ஜனவரியில் தெளிவுபடுத்தியது. மே 3 முதல் அது நடைமுறைக்கு வந்தது. 10 கோடி டாலர் வரை ஆவணம் காட்ட வேண்டியதில்லை. ஆனால் தேவை நிஜமாகவே இருந்தாக வேண்டும். எனவே, வெறுமனே விலை ஏறும் இறங்கும் என்று பந்தயம் கட்ட நினைப்பவருக்கு அந்த வழி ஏறக்குறைய அடைந்துவிட்டது.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் இருக்கிறது. போலிச் செயலிகள் திரையில் லாபத்தைத் தாராளமாகக் காட்டும். எடுக்கப் போனால் ‘முதலில் வரி கட்டுங்கள்’, ‘கணக்கைச் சரிபார்க்க இன்னும் ஐம்பதாயிரம் போடுங்கள்’ என்று இழுத்தடிக்கும். வங்கிக் கணக்குக்கு வந்து சேராத பணம் லாபம் ஆகாது. ஆகவே ஒருவர் எவ்வளவு போட்டார், எவ்வளவு திரும்ப எடுத்தார் என்பதுதான் முதல் கணக்கு. இந்த இரண்டு எண்களும் அவருடைய வங்கிப் புத்தகத்தில் இருக்கும். செயலியை நம்ப வேண்டிய அவசியமே இல்லை.

செலவு போக எவ்வளவு?

உலக நாணயச் சந்தையில் 2025 ஏப்ரலில் நாளொன்றுக்குச் சராசரியாக 9.6 லட்சம் கோடி டாலர் கைமாறியது என்று சர்வதேசத் தீர்வுகளுக்கான வங்கியின் கணக்கெடுப்பு சொல்கிறது. இவ்வளவு பெரிய கடலில் நமக்கு ஒரு செம்பு தண்ணீர் கிடைக்காதா என்று தோன்றும். ஆனால் பங்குக்கும் நாணயத்துக்கும் அடிப்படையில் ஒரு வேறுபாடு உண்டு. பங்குக்குப் பின்னால் ஒரு தொழில் இருக்கிறது. அது சம்பாதித்தால் பங்கு வைத்திருப்பவர் எல்லோருக்கும் பயன். நாணய டிரேடிங்கில் ஒருவர் எடுத்த லாபம் இன்னொருவர் விட்ட நஷ்டம். இருவருமே நடுவில் இருப்பவருக்குக் கட்டணம் கொடுக்கிறார்கள். எனவே, சராசரி டிரேடர் ஒருவர் செலவுத் தொகையின் அளவுக்குத் தோற்றே தீர வேண்டும். ஜெயிக்க வேண்டுமானால் சராசரியைவிட மேலே, அதுவும் செலவையும் தாண்டி மேலே நிற்க வேண்டும்.

அந்தச் செலவு எவ்வளவு இருக்கும்? உலகில் மிக அதிகம் கைமாறும் ஜோடியான யூரோ-டாலரை எடுத்துக்கொள்வோம். 1.0850 என்பது 1.0851 ஆனால் அது ஒரு பிப். ஒரு மினி லாட் என்பது 10,000 யூரோ. அதில் ஒரு பிப் நகர்ந்தால் ஒரு டாலர். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளிதான் ஸ்பிரெட். அது ஒரு பிப் என்றால் ஒவ்வொரு டிரேடுக்கும் ஒரு டாலர் போய்விடும். ஒரு டாலர்தானே என்று தோன்றும். தினமும் 10 டிரேடு, மாதம் 20 நாள் என்றால் 200 டாலர். கணக்கில் இருக்கும் முதல் 2,000 டாலர் என்றால், மாதா மாதம் முதலில் 10 சதவீதம் ஸ்பிரெட்டுக்கே போகிறது. அந்த டிரேடர் மாதம் 10 சதவீதம் சம்பாதித்தால்தான் இருந்த இடத்திலேயே இருப்பார்.

இதற்கு மேல் இரவு தாண்டி வைத்திருந்தால் வட்டி வித்தியாசம், ரூபாயிலிருந்து டாலருக்கு மாற்றும் செலவு, டேட்டா கட்டணம், கடைசியில் வருமான வரி. இத்தனையும் கழித்த பிறகு நிற்கும் எண்தான் லாபம். கழிக்காமல் சொல்லப்படும் எந்த எண்ணும் கல்லாப்பெட்டிக் கணக்குதான்.

எதனோடு ஒப்பிடுவது?

‘இந்த மாதம் நூறு டாலருக்கு ஐம்பது டாலர் எடுத்தேன்’ என்பார்கள். விசாரித்தால் அந்த நூறு என்பது மார்ஜின் மட்டும். நஷ்டம் வந்தால் தாங்குவதற்காகக் கணக்கில் இன்னும் 1,900 டாலர் சும்மா கிடக்கிறது. அதுவும் முதல்தான். 2,000 டாலருக்கு 50 டாலர் என்றால் இரண்டரை சதவீதம். இதற்கென ஒதுக்கிய முழுத் தொகையின் மேல்தான் வருமான விகிதத்தைக் கணக்கிட வேண்டும்.

அடுத்தது, அந்தப் பணம் வேறு எங்கே இருந்திருக்கும்? ஒருவர் ஐந்து லட்சம் ரூபாய் முதலில், எல்லாச் செலவும் போக, வருடத்துக்கு 60,000 ரூபாய் சம்பாதித்தார் என்று வைத்துக்கொள்வோம். 12 சதவீதம், கேட்க நன்றாக இருக்கிறது. அதே பணம் 7 சதவீத வட்டிக்கு வங்கி வைப்பில் கிடந்திருந்தால், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாலும் 35,000 வந்திருக்கும். அவருடைய உழைப்பு கொண்டுவந்தது 25,000 மட்டுமே. தினம் நான்கு மணி நேரம், வருடம் 250 நாள் திரையைப் பார்த்தார் என்றால் மொத்தம் 1,000 மணி நேரம். மணிக்கு 25 ரூபாய்.

இந்தக் கணக்கைப் போட மனம் வராது. ஆனால் வேலையை விட்டுவிட்டு முழுநேர டிரேடர் ஆகலாமா என்று யோசிப்பவர் முதலில் போட வேண்டிய கணக்கு இதுதான். முதல் சிறியதாக இருந்தால், எவ்வளவு திறமை இருந்தாலும் குடும்பம் நடத்தும் வருமானம் வராது. வர வைக்கப் போனால் அளவுக்கு மீறிக் கடன் பலத்தில் டிரேடு செய்ய வேண்டியிருக்கும். கணக்குகள் காலியாவது பெரும்பாலும் அங்கேதான்.

பத்துக்கு எட்டு ஜெயித்தும் தோற்பது எப்படி?

‘என் டிரேடு பத்தில் எட்டு சரியாக இருக்கும்’ என்பது இந்தத் துறையில் அடிக்கடி காதில் விழும் பெருமை. இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். இருவரும் நூறு டிரேடு செய்கிறார்கள்.

முதலாமவர் 80 முறை ஜெயிக்கிறார். லாபம் வந்தவுடன் பயந்து 10 டாலரில் வெளியே வந்துவிடுவார். நஷ்டம் வந்தால் ‘திரும்பி வரும்’ என்று காத்திருந்து 50 டாலரில் வெளியேறுவார். வரவு 800, செலவு 1,000. நூறு டிரேடின் முடிவில் 200 டாலர் நஷ்டம்.

இரண்டாமவர் 40 முறைதான் ஜெயிக்கிறார். ஆனால் ஜெயித்தால் 30 டாலர். தோற்றால் 15 டாலரில் ஸ்டாப் லாஸ் (நஷ்டம் அந்த அளவைத் தொட்டால் தானாக வெளியேறும் உத்தரவு) போட்டு வெளியே வந்துவிடுவார். வரவு 1,200, செலவு 900. லாபம் 300.

எத்தனை முறை ஜெயித்தோம் என்பதோடு, ஜெயிக்கும்போது எவ்வளவு, தோற்கும்போது எவ்வளவு என்பதையும் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். 300 டாலரை நூறு டிரேடால் வகுத்தால், இரண்டாமவருக்கு டிரேடு ஒன்றுக்குச் சராசரியாக 3 டாலர். முதலாமவருக்கு டிரேடு ஒன்றுக்கு 2 டாலர் நஷ்டம். ஒரு டிரேடரைப் பற்றி ஒரே ஒரு எண்தான் கேட்கலாம் என்றால் இந்தச் சராசரியைக் கேளுங்கள்.

அடிக்கடி ஜெயிக்கும் முறை எவ்வளவு ஆபத்தாக முடியும் என்பதற்குச் சந்தை வரலாற்றில் சுவிஸ் ஃபிராங்க் ஒரு பாடம். சுவிட்சர்லாந்தின் மத்திய வங்கி 2011 செப்டம்பர் 6 அன்று, ஒரு யூரோ 1.20 ஃபிராங்குக்குக் கீழே இறங்க விடமாட்டோம் என்று அறிவித்தது. அதன்பின் விலை 1.20-ஐ நெருங்கும்போதெல்லாம் யூரோவை வாங்குவது, கொஞ்சம் ஏறியதும் விற்பது என்று பலர் டிரேடு செய்தார்கள். மூன்று வருடத்துக்கு மேல் அது பலித்தது. வெற்றி விகிதம் பிரமாதமாக இருந்தது. 2015 ஜனவரி 15 காலையில், முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் மத்திய வங்கி அந்த வரம்பை விலக்கிக்கொண்டது. சில நிமிடங்களில் யூரோ ஒரு ஃபிராங்குக்கும் கீழே விழுந்தது. ஸ்டாப் லாஸ் போட்டிருந்தவர்களுக்கும் அந்த விலையில் வாங்க ஆள் கிடைக்கவில்லை. பலருடைய கணக்கு பூஜ்யத்தையும் தாண்டிக் கடனுக்குப் போனது. லண்டனில் இயங்கிய அல்பாரி யு.கே. என்ற புரோக்கர் நிறுவனமே திவாலானது. முதல்நாள் மாலை வரை அந்த டிரேடர்களை அளந்திருந்தால், எல்லோரும் தேர்ச்சி பெற்றிருப்பார்கள்.

எவ்வளவு ஆழத்துக்கு இறங்கினார்?

அதனால்தான் ஏறியதை மட்டும் பார்க்காமல் இறங்கியதையும் பார்க்க வேண்டும். கணக்கு தொட்ட உச்சத்திலிருந்து அதன்பின் எவ்வளவு சதவீதம் சரிந்தது என்பதை டிராடவுன் என்கிறார்கள். 10,000 டாலர் வரை ஏறிய கணக்கு 7,000-க்கு இறங்கிப் பிறகு 12,000-க்குப் போயிருந்தால், டிராடவுன் 30 சதவீதம்.

இறங்குவதற்கும் ஏறுவதற்கும் கணக்கு ஒரே மாதிரி இல்லை. 10 சதவீதம் போனால் பழைய இடத்துக்கு வர 11 சதவீதம் ஏற வேண்டும். 20 போனால் 25. பாதி போனால் 100 சதவீதம். அதாவது மிச்சம் இருப்பதை இரட்டிப்பாக்க வேண்டும். 80 சதவீதம் போனால் ஐந்து மடங்காக்க வேண்டும். பள்ளம் ஆழமாக ஆக, ஏறும் சுவர் செங்குத்தாகிக்கொண்டே போகும்.

இரண்டு டிரேடர்கள் வருட முடிவில் 20 சதவீத லாபம் காட்டுகிறார்கள் என்போம். ஒருவர் வழியில் அதிகபட்சம் 8 சதவீதம் இறங்கினார். மற்றவர் 45 சதவீதம் இறங்கி, அதிர்ஷ்டவசமாக மேலே வந்தார். லாபத்தை டிராடவுனால் வகுத்தால், முதலாமவருக்கு 2.5 வரும், இரண்டாமவருக்கு 0.44. வருட லாபம் சமம் என்றாலும் தொழில் சமம் இல்லை. நிதி நிறுவனங்கள் பயன்படுத்தும் ஷார்ப் விகிதமும் இதே கேள்வியை வேறு விதமாகக் கேட்கிறது. ரிஸ்க் இல்லாத வட்டிக்கு மேல் எவ்வளவு வந்தது, அதற்காக எவ்வளவு ஏற்ற இறக்கத்தைத் தாங்க வேண்டியிருந்தது என்பதே அது. வில்லியம் ஷார்ப் என்ற பொருளாதார அறிஞர் இதை 1966-ல் முன்வைத்தார். 1990-ல் பொருளாதார நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

சரிவு எவ்வளவு இருக்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது, ஒரு டிரேடில் எவ்வளவு பணயம் வைக்கிறோம் என்பதுதான். பத்து டிரேடு தொடர்ந்து தோற்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொன்றிலும் இருப்பதில் ஒரு சதவீதம் மட்டுமே பணயம் வைத்தவரிடம் 90 சதவீத முதல் மிச்சம் இருக்கும். பத்து சதவீதம் வைத்தவரிடம் 35 சதவீதம்தான் இருக்கும். முன்னவர் அடுத்த வாரமும் டிரேடு செய்வார். பின்னவர் முதலை மூன்று மடங்காக்கினால்தான் தொடங்கிய இடத்துக்கே வருவார்.

திறமையா, அதிர்ஷ்டமா?

20 டிரேடில் 12 ஜெயித்தவர் தனக்குச் சந்தை பிடிபட்டுவிட்டது என்று நினைப்பார். நாணயத்தைச் சுண்டிப் பூவா தலையா பார்த்து டிரேடு செய்தாலும், நாலில் ஒருவருக்கு 20-ல் 12 அல்லது அதற்கு மேல் ஜெயிக்கும். ஆகவே அது எதையும் நிரூபிக்கவில்லை. அதே 60 சதவீதத்தை 200 டிரேடில் காட்டினால் கதை வேறு. சுண்டிப் பார்ப்பவர்களில் ஆயிரத்துக்கு மூன்று பேர்தான் 200-ல் 120-ஐத் தொடுவார்கள். விகிதம் மாறவில்லை, எண்ணிக்கை கூடியதால்தான் அதற்கு மதிப்பு வந்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆயிரம் பேர் பத்து முறை நாணயத்தைச் சுண்டினால், பத்தும் தலையாக விழுபவர் சராசரியாக ஒருவர் இருப்பார். சந்தையில் லட்சக்கணக்கானோர் இருக்கிறார்கள். தொடர்ந்து பத்து டிரேடு ஜெயித்துவிட்டு வகுப்பு எடுக்கத் தொடங்குபவரைப் பார்க்கும்போது, அவர் பின்னால் அமைதியாக வெளியேறிய 999 பேரையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

எண்ணிக்கை மட்டும் போதாது, பருவமும் மாற வேண்டும். கோடையில் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு, வண்டி மழைக்குத் தாங்கும் என்று சொல்ல முடியாது. குறைந்த வட்டிக்கு ஜப்பானிய யென்னில் கடன் வாங்கி அதிக வட்டி தரும் நாணயத்தில் போடும் முறை நெடுங்காலம் சுகமாக ஓடியது. 2024 ஜூலையில் ஒரு டாலர் 161 யென்னைத் தாண்டியது. அந்த மாதக் கடைசியில் ஜப்பானின் மத்திய வங்கி வட்டியை உயர்த்தியது. ஆகஸ்ட் 5 அன்று டாலர் 142 யென்னுக்கும் கீழே வந்திருந்தது. ஏறும் சந்தை, இறங்கும் சந்தை, அசையாத சந்தை, திடீரென உடையும் சந்தை என எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் ஒரு முறையைப் பற்றி ஏதாவது சொல்ல முடியும்.

மொத்தப் படம் என்ன என்று கேட்டால், அரசு அமைப்புகளின் ஆய்வுகள் தெளிவாகச் சொல்கின்றன. ஐரோப்பியச் சந்தை ஒழுங்கு அமைப்பான எஸ்மா 2018-ல், நாணயம் உள்ளிட்ட சி.எஃப்.டி. (விலை வித்தியாச ஒப்பந்தம்) டிரேடிங்கில் சில்லறை வாடிக்கையாளர் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் நஷ்டத்தில் முடிகின்றன என்று சொல்லி, கடன் அளவுக்கு உச்சவரம்பு விதித்தது. இந்தியாவில் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வில், பங்குச் சந்தையின் ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் (எஃப் அண்ட் ஓ) டிரேடிங்கில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதத்தினர் மூன்று நிதியாண்டுகளில் நஷ்டம் அடைந்திருந்தனர். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். அது பங்குச் சந்தையைப் பற்றியது என்றாலும், சிறு முதல், பெரிய கடன் பலம், குறுகிய காலம் என்ற சேர்க்கை இரண்டுக்கும் பொது.

அளவுகோல் யார் கையில்?

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஆல்ஃபர்ஸ்ட் என்ற வங்கி இருந்தது. அயர்லாந்தின் அல்லைடு ஐரிஷ் வங்கிக்குச் சொந்தமானது. அங்கே ஜான் ரஸ்னக் என்ற நாணய டிரேடர், டாலருக்கு எதிராக யென் ஏறும் என்று தொடர்ந்து பந்தயம் கட்டினார். யென் இறங்கியது. நஷ்டத்தை மறைக்க, இல்லாத ஆப்ஷன் ஒப்பந்தங்களை ஜோடி ஜோடியாகக் கணக்கில் எழுதினார். ஒன்றை விற்றதாக, இன்னொன்றை அதே தொகைக்கு வாங்கியதாக. இரண்டும் சமமாகிவிடுவதால் ஒரு காசும் கைமாற வேண்டியதில்லை. எனவே சரிபார்க்க வேண்டியவர்களும் சரிபார்க்கவில்லை. விற்றதாக எழுதியது அன்றே காலாவதியாகிவிடும். வாங்கியதாக எழுதியது சொத்தாகக் கணக்கில் நிற்கும்.

இதில் நெஞ்சில் தைக்கும் விவரம் ஒன்று உண்டு. அவருடைய டிரேடுகளின் மதிப்பைச் சரிபார்க்கும் பிரிவு, நாணய விலைகளைத் தானாக வாங்கவில்லை. ராய்ட்டர்ஸிலிருந்து அந்த விலைகள் ரஸ்னக்கின் கணினிக்கு வந்து, அங்கிருந்துதான் அவர்களுக்குப் போயின. தனியாக ஓர் இணைப்பு வாங்கச் சுமார் 10,000 டாலர் ஆகும் என்று வங்கி தயங்கியது. அளக்கப்பட வேண்டியவர் கையிலேயே அளவுகோலையும் கொடுத்துவிட்டார்கள். 2002 பிப்ரவரியில் விஷயம் வெளியே வந்தபோது நஷ்டம் 69 கோடியே 10 லட்சம் டாலர். அதுவரை அவர் நன்றாகச் சம்பாதித்துத் தரும் ஊழியர், போனஸும் வாங்கினார்.

வீட்டில் உட்கார்ந்து தனியாக டிரேடு செய்பவருக்கு இந்தக் கதை இன்னும் நெருக்கமானது. அவர் தன்னைத்தானே அளந்துகொள்கிறார். நஷ்டத்தில் நிற்கும் டிரேடை முடிக்காமல் வைத்துக்கொண்டு, ‘முடிந்ததெல்லாம் லாபம்’ என்று சொல்லிக்கொள்ளலாம். புதிதாகப் போட்ட பணத்தையும் சேர்த்து இருப்பு ஏறியதாகப் பார்க்கலாம். ஒரு கணக்கு காலியானதும் இன்னொன்றைத் தொடங்கி, அன்றிலிருந்து எண்ணலாம். யாரையும் ஏமாற்றும் எண்ணம் இல்லாமலே இவை நடக்கும். எனவே கணக்கை எழுத்தில் வையுங்கள். முடியாத டிரேடையும் அன்றைய விலைக்கு மதிப்பிட்டுச் சேருங்கள். காலியான பழைய கணக்குகளும் அதே நோட்டில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை வீட்டில் ஒருவரிடம் அந்த நோட்டைக் காட்டுங்கள்.

நோட்டுப் புத்தகம் சொல்லும் உண்மை

3,000 டாலர் கணக்கு ஒன்றின் ஒருநாள் குறிப்பு எப்படி இருக்கும் என்று எழுதிப் பார்ப்போம்.

‘மதியம் 2.10. யூரோ-டாலர் 1.0850-ல் வாங்கினேன். ஒரு மினி லாட். ஸ்டாப் லாஸ் 1.0820, இலக்கு 1.0910. காரணம்: மூன்று நாளாக 1.0840-க்குக் கீழே போகாமல் நிற்கிறது. போனால் 30 டாலர், முதலில் ஒரு சதவீதம்.’

‘மாலை 6.40. ஸ்டாப் லாஸ் அடித்தது. 30 போச்சு. விதிப்படி நடந்தேனா? ஆம்.’

‘மாலை 6.55. திரும்ப வாங்கினேன். மூன்று மினி லாட். ஸ்டாப் லாஸ் போடவில்லை. காரணம்: போனதை எடுக்க. இரவு 9.30. 15 பிப் ஏறியது, 45 வந்தது. விதிப்படி நடந்தேனா? இல்லை.’

திரையில் பார்த்தால் அன்று 15 டாலர் லாபம். நோட்டில் பார்த்தால், சரியாகச் செய்தது தோற்ற டிரேடு. தப்பாகச் செய்தது ஜெயித்த டிரேடு. அந்த 45 டாலர் மிகவும் விலை உயர்ந்தது. ஸ்டாப் லாஸ் இல்லாமலும் ஜெயிக்கலாம் என்ற பாடத்தை அது கற்றுக்கொடுத்துவிட்டது. அடுத்த முறையோ அதற்கடுத்த முறையோ அந்தப் பாடத்துக்கு முழுக் கட்டணம் கட்ட வேண்டி வரும்.

ஒரு தனி டிரேடின் முடிவு பெரும்பாலும் சந்தையின் கையில். விதிப்படி நடந்தோமா என்பது நம் கையில். மாதத்தில் எத்தனை டிரேடு சொந்த விதிப்படி நடந்தன என்று எண்ணிப் பாருங்கள். 40-ல் 38 என்றால், லாபமோ நஷ்டமோ அந்த முறையைப் பற்றித் தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. 40-ல் 22 என்றால், அளப்பதற்கு அங்கே ஒரு முறையே இல்லை.

ஏற்றுமதியாளரின் அளவுகோல் வேறு

நாணயச் சந்தைக்கு வரும் எல்லோரும் விலை வித்தியாசத்தில் சம்பாதிக்க வருவதில்லை. திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதியாளருக்கு மூன்று மாதம் கழித்து ஒரு லட்சம் டாலர் வர வேண்டியிருக்கிறது என்போம். டாலர் விழுந்துவிடுமோ என்று 84 ரூபாய்க்கு முன்கூட்டியே வங்கியிடம் விற்று வைக்கிறார். மூன்று மாதத்தில் டாலர் 85.50 ஆகிவிடுகிறது. ஒன்றரை லட்சம் போச்சே என்று அவர் வருந்த வேண்டுமா? நூல் விலை, கூலி, லாபம் எல்லாவற்றையும் அவர் 84 ரூபாய் என்ற கணக்கில்தான் போட்டிருந்தார். நினைத்த ரூபாய் நினைத்த நாளில் வந்தது, சம்பளம் கொடுத்தார், நூல்காரருக்குக் கொடுத்தார். அவர் வெற்றி அதுதான். அதே ஏற்றுமதியாளர், வர வேண்டிய தொகையைவிட இரு மடங்கு டாலரை விற்று வைத்தால், அந்தக் கூடுதல் பாதிக்கு அவரும் பந்தயம் கட்டுபவர்தான். அந்தப் பாதியை மேலே சொன்ன கடுமையான கணக்கில்தான் அளக்க வேண்டும்.

மாதக் கடைசியில் ஆறு கேள்விகள்

1. தொடங்கிய நாளிலிருந்து எவ்வளவு போட்டேன், எவ்வளவு வங்கிக்கு எடுத்தேன்?
2. எல்லாச் செலவும் வரியும் போக, ஒதுக்கிய முழு முதலின் மேல் எத்தனை சதவீதம்? வங்கி வைப்பைவிட எவ்வளவு கூட?
3. டிரேடு ஒன்றுக்குச் சராசரியாக எவ்வளவு வந்தது?
4. உச்சத்திலிருந்து அதிகபட்சம் எவ்வளவு இறங்கினேன்?
5. இதையெல்லாம் எத்தனை டிரேடுகளை வைத்துச் சொல்கிறேன்? இருநூறு ஆகிவிட்டதா?
6. அவற்றில் எத்தனை என் விதிப்படி நடந்தன?

இந்த ஆறுக்கும் பதில் எழுத அரைமணி நேரம் போதும். வருடம் ஒன்று ஓடிய பிறகு பதில்கள் நன்றாக இருந்தால் தொடரலாம். அப்போதும் முதலை மெதுவாகவே கூட்டுங்கள். பதில்கள் நன்றாக இல்லையென்றால் நிறுத்துவதற்கு வெட்கப்பட வேண்டாம். சிறு தொகையோடு இறங்கி, ஒழுங்காகக் கணக்கு எழுதி, இது நமக்கு ஒத்துவராது என்று இருபதாயிரம் ரூபாய் நஷ்டத்தோடு எழுந்து வந்தவர் தோற்றவர் இல்லை. அவருடைய மீதிச் சேமிப்பு வங்கியில் பத்திரமாக இருக்கிறது. பிள்ளையின் கல்லூரிக் கட்டணம் அதில் இருக்கிறது. கணக்கே எழுதாமல், வீட்டு நகையை அடகு வைத்து ‘அடுத்த மாதம் எடுத்துவிடலாம்’ என்று திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் எத்தனையோ பேருக்கு, இந்த அரைமணி நேர வேலையை யாரும் சொல்லித் தரவில்லை. உங்களுக்குத் தெரிந்தவர் யாராவது அடுத்த முறை பச்சை எண்ணோடு ஒரு படம் அனுப்பினால், வாழ்த்துச் சொல்வதற்கு முன் முதல் கேள்வியை மட்டுமாவது அன்போடு கேளுங்கள்: எவ்வளவு போட்டாய், எவ்வளவு எடுத்தாய்?